இரவு ரத்தமும் தங்கக் கோடும்

ஊர் அடங்கிய பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். கடலூர் ரோட்டில் வண்டிச் சத்தம் குறைந்ததும், புதுச்சேரி நோணாங்குப்பத்தின் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் தெருக்களில் இரண்டு பேர் டார்ச் லைட்டோடு இறங்குவோம். என் தோளில் ஒரு மரப்பெட்டி தொங்கும். கழுவித் துடைத்த கண்ணாடி சிலைடுகள், லான்செட் ஊசிகள், ஸ்பிரிட், பஞ்சு, ரத்தம் உறிஞ்சும் மெல்லிய குழாய், பெயரெழுதும் நோட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். சுண்ணாம்பாற்றுப் பக்கமிருந்து உப்பங்காற்று வீசும். திண்ணையில் தூங்குகிறவரின் தோளைத் தட்டி எழுப்பி, இடது கை மோதிர விரலைத் துடைத்து, ஒரு குத்து. சிலர் திட்டுவார்கள். சிலர் தூக்கக் கலக்கத்தில் விரலைக் கொடுத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் ஒரு பாட்டி, பேரனின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏந்தம்பி, பகல்ல வந்தா ரத்தம் ஓடாதா? ராத்திரியிலதான் ஓடுதா?"

"ரத்தம் எப்பவும் ஓடுது ஆயா. அதுல இருக்கற புழுதான் ராத்திரியில வெளியில வருது" என்றேன். அவர் நம்பவில்லை. திருடன் மாதிரி ராத்திரியில் வருகிற புழுவா என்று கேட்டுவிட்டு, பேரனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்கு ஆசை. நான் பிறந்தது இந்த ஊரில். 1980களின் தொடக்கத்தில் யானைக்கால் நோய்த் தடுப்பு வேலையில் ஆய்வகப் பணியாளனாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன். மருத்துவனும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஒரு நோயை மனிதக் கண்ணுக்குக் காட்டுவதற்கு ஒளியை எப்படியெல்லாம் பழக்கினார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

*

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் இந்த நோய்க்குப் பெயர்கள் பல. கால் வீங்கினால் யானைக்கால். விரை வீங்கினால் ஓதம். தொடை இடுக்கில் கட்டி எழும்பிக் குளிர்காய்ச்சல் வந்தால் "நெறி கட்டியிருக்கு" என்பார்கள். ஓதம் என்றால் கடலின் ஏற்றத்துக்கும் பெயர். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடலில் ஓதம் ஏறுவதுபோல உடம்பிலும் ஓதம் ஏறுகிறது என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். உப்புத் தண்ணீர், உப்புக்காற்று, பழைய சோறு, முன்வினை என்று காரணங்களை அடுக்கினார்கள். கொசுவை யாரும் சொன்னதில்லை.

என் சித்தப்பா தேங்காய் பறிக்கிறவர். முப்பது வயதில் வலது கணுக்காலில் வீக்கம் தொடங்கியது. நாற்பதில் அவரால் மரம் ஏற முடியவில்லை. நாற்பத்தைந்தில் வேட்டியை எப்போதும் கணுக்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டத் தொடங்கினார். கல்யாண வீட்டில் பந்திக்கு வரமாட்டார். கடைசியில், கூட்டம் கலைந்த பிறகு வந்து சாப்பிடுவார். யானைக்கால் ஆளைக் கொல்வதில்லை என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. என் சித்தப்பாவைப் பார்த்தவர்கள் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில், முதல் வேலையாக அவருடைய ரத்தத்தைத்தான் எடுத்தேன். இரவு பதினோரு மணிக்கு எடுத்து, மறுநாள் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் ஓரத்திலிருந்து ஓரம் வரை மூன்று தடவை தேடினேன். ஒரு புழுகூட இல்லை. அதே இரவில் எடுத்த இன்னொரு சிலைடில், கபடி ஆடிக்கொண்டிருந்த இருபது வயதுப் பையனின் ரத்தத்தில், எண்ணி மாளாத அளவுக்குப் புழுக்கள் இருந்தன. அவன் காலில் ஒரு கீறல்கூட இல்லை.

கால் வீங்கியவரின் ரத்தம் சுத்தமாக இருக்கிறது, நன்றாக இருக்கிறவனின் ரத்தத்தில் நோய் நீந்துகிறது. இதை முதல் தடவை பார்த்தபோது சிலைடுகளை மாற்றிவிட்டேனோ என்று பயந்தேன். மூத்தவர் ஒருவர் விளக்கினார். வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் பல வருடம் வாழ்ந்து, அந்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டுச் செத்துப்போகும். வீக்கம் என்பது நோயின் கடைசி அத்தியாயம். அந்த நிலைக்கு வந்த பலரின் ரத்தத்தில் அவை ஈன்ற குஞ்சுப் புழுக்கள் கிடைக்காது. ஊருக்கு நோயைப் பரப்புகிறவன் எந்த வீக்கமும் இல்லாத அந்தப் பையன்தான். அவனை அவன் கால் காட்டிக் கொடுக்காது. ஒளிதான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

*

அந்த ஒளி எங்களிடம் வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1863இல் பாரிஸில் தெமார்க்கே என்ற அறுவை மருத்துவர், ஓதத்தில் சேர்ந்த நீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அதில் நெளியும் நுண்புழுவைக் கண்டார். 1866இல் பிரேசிலின் பாயியா நகரில் வூக்கரர், நோயாளியின் சிறுநீரில் அதையே கண்டார். 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் அதை மனித ரத்தத்தில் பார்த்தார். அதுவரை சிறுநீரில், வீக்க நீரில் தேடியதை ரத்தத்தில் தேடலாம் என்ற வழி நம் நாட்டில் திறந்தது. 1876இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட், நூல்போல நீண்ட தாய்ப்புழுவைக் கண்டெடுத்தார். வூக்கரர், பான்கிராஃப்ட் இருவர் பெயரும் சேர்ந்துதான் எங்கள் ஊர்ப் புழுவுக்கு வூக்கரேரியா பான்கிராஃப்டி என்ற பெயர் வந்தது.

பாட்டியின் கேள்விக்குப் பதில் கண்டவர் பாட்ரிக் மான்சன். சீனாவின் அமோய் துறைமுகத்தில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர். 1877இல் தன் தோட்டக்காரர் ஹின் லோவின் ரத்தத்தைக் குடித்த கொசுக்களைப் பிடித்து, அறுத்துப் பார்த்து, புழு கொசுவின் உடம்புக்குள் வளர்வதைக் கண்டார். பிறகு, உதவியாளர்களை முறை வைத்து அமர்த்தி இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கச் சொன்னார். பகலில் கிடைக்காத புழு, பொழுது சாய்ந்ததும் வரத் தொடங்கி, நள்ளிரவில் உச்சத்தைத் தொட்டு, விடிவதற்குள் மறைந்தது. 1879இல் இதை உலகுக்குச் சொன்னார். பகலில் அவை நுரையீரலின் நுண் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருக்கின்றன. இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்துக்கு வருகின்றன. அதே நேரத்தில்தான் க்யூலெக்ஸ் கொசு கடிக்கிறது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பிறந்து, வீட்டுக்குள் வந்து, தூங்குகிறவரைக் கடிக்கிற கொசு. புழு கொசுவின் நேரத்தைப் பார்த்து வருகிறது. நாங்கள் புழுவின் நேரத்தைப் பார்த்துப் போனோம்.

மான்சனுக்கும் ஒரு பிழை இருந்தது. கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று நினைத்தார். 1900இல்தான் கொசுவின் ஊசிமூக்குக்குள்ளேயே புழு காத்திருப்பதை லோ என்ற இன்னொரு மருத்துவர் லண்டனில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். கடிதான் காரணம் என்பது அப்போதுதான் தெளிவானது.

*

எங்கள் கை வேலையைச் சொல்கிறேன். விரலில் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தைக் குழாயில் உறிஞ்சி, சிலைடில் கனமாகத் தடவ வேண்டும். எறும்பும் கரப்பானும் மேயாமல் காயவைக்க வேண்டும். ஒரு இரவு முழுக்க அலைந்து எடுத்த சிலைடுகளை விடிவதற்குள் பூச்சி தின்றுவிட்டுப் போயிருக்கும். அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. காய்ந்த பூச்சைத் தண்ணீரில் வைத்தால் சிவப்பு கரைந்து போகும். அப்படிச் சிவப்பை எடுக்காவிட்டால் ஒளி ரத்தத்துக்குள் நுழையாது. பிறகு ஜேஎஸ்பி சாயம். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இரண்டு இந்தியர்கள் 1940களில் உருவாக்கியது. அதன் பெயரில் உள்ள மூன்று எழுத்தும் அவர்களுடையவை. வெளிநாட்டுச் சாயத்தை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், நாமே கலக்கிக்கொள்ளும் மலிவான சாயம். கிராமத்துக் கிராமம் ரத்தம் பார்க்க முடிந்ததற்கு அந்த மலிவும் ஒரு காரணம்.

எங்கள் பழைய மைக்ரோஸ்கோப்பில் விளக்கு இல்லை. அடியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வானத்து வெளிச்சத்தைப் பிடித்துச் சிலைடுக்கு அனுப்ப வேண்டும். ஐப்பசி மழையில் வானம் மூடிக்கொண்டால் வேலை நின்றுவிடும். வெளிச்சம் சரியாக விழுந்தால், வெளிர்நீலப் பரப்பில் கருநீலப் புள்ளிகள் வரிசையாகக் கோத்த ஒரு வளைவு தெரியும். கால் மில்லிமீட்டர் நீளம். மேலே மெல்லிய உறை. வால் நுனியில் புள்ளி இல்லாவிட்டால் அது எங்கள் ஊர்ப் புழு. நுனிவரை புள்ளி இருந்தால் அது கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் பேர்போன வேறு இனம்.

சாயம் ஏற்றாத புது ரத்தத் துளியில் பார்த்தால் இன்னும் அதிசயம். சிவப்பணுக்களை முட்டித் தள்ளிக்கொண்டு புழு உயிரோடு துள்ளும். ஒரு நாள் அந்தக் கபடிப் பையனைக் கூப்பிட்டு அவனுடைய ரத்தத்தையே பார்க்கச் சொன்னேன். கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்தான். அதுவரை மாத்திரையைச் சாக்கடையில் வீசிக்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து பன்னிரண்டு நாளும் ஒழுங்காக விழுங்கினான். நோயை நம்ப வைக்க ஆயிரம் வார்த்தை பேசியிருக்கிறேன். அந்த ஒரு துளி வெளிச்சம் செய்ததை அவை செய்யவில்லை.

அந்த மாத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. டிஇசி என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த மருந்து, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து 1947இல் வந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். ஆந்திரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அடுத்த வருடமே, 1948இல், காலமாகிவிட்டார். எங்கள் ஊர் வீடுகளில் கோடிக்கணக்கான நுண்புழுக்களைக் கொன்ற மருந்தின் பின்னால் சென்னையில் படித்த ஒருவர் இருந்தார் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

*

1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அடுத்த வருடம், 1955இல், தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் நாட்டில் தொடங்கியது. 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயத் தனி மையத்தைப் புதுச்சேரியில் நிறுவியது. வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் என்ற முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. விசிஆர்சி என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். பி. கே. ராஜகோபாலன் அதன் முதல் இயக்குநர். 1981இலிருந்து 1985வரை புதுச்சேரியில் யானைக்கால் நோய்க்கு எதிராக அந்த மையம் ஒருங்கிணைந்த கொசு ஒழிப்பை நடத்திக் காட்டியது. மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், சாக்கடையைத் தூர்வாருவது, தேங்கும் நீரை வடியவிடுவது, கொசுப்புழுவைத் தின்னும் மீனை விடுவது, ஊர் மக்களைச் சேர்த்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தார்கள். காரைக்காலில் டிஇசி கலந்த உப்பைச் சமையலுக்குக் கொடுத்துப் பார்த்ததும் 1980களில்தான்.

இவ்வளவு வேலைக்கும் ஒரு அளவுகோல் வேண்டும். நோய் குறைந்ததா என்று எப்படித் தெரியும்? இரவு ரத்தம்தான் அந்த அளவுகோல். அதன் பலவீனத்தை நாங்கள்தான் நன்றாக அறிந்திருந்தோம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். வளர்ந்தவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். நாங்கள் எடுப்பது 20 கன மில்லிமீட்டர். இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. ஒருவருடைய ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 புழு இருந்தால், எங்கள் துளியில் சராசரியாக ஒன்று விழும். 10 புழுதான் இருக்கிறது என்றால், ஐந்து தடவை குத்தினாலும் நாலு தடவை வெறும் சிலைடுதான் வரும். அவரிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அவரைக் கடித்த கொசு அப்படிச் சொல்லாது.

நோய் அதிகமாக இருந்தபோது இந்த ஓட்டை பெரிதாகத் தெரியவில்லை. நோய் குறையக் குறைய, மிச்சமிருப்பவர்கள் எல்லாரும் ரத்தத்தில் கொஞ்சம் புழு உள்ளவர்களாகத்தான் இருந்தார்கள். வெற்றி நெருங்கியபோதுதான் எங்கள் கண் மங்கலாகத் தெரிந்தது. நரம்பிலிருந்து ஒரு மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, சில மைக்ரான் துளையுள்ள மெல்லிய தாளில் வடிகட்டிப் பார்த்தார்கள். அது எங்கள் துளியைப் போல ஐம்பது மடங்கு. ஆனால் இரவில் வீடு வீடாகப் போய் நரம்பில் ஊசி போட எந்த ஊர் சம்மதிக்கும்? பகலில் சிறு அளவு டிஇசி கொடுத்துப் புழுவைக் கிளப்பி, முக்கால் மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தும் பார்த்தார்கள். இரவில் கிடைக்கும் அளவுக்குப் புழு அதில் கிடைப்பதில்லை.

*

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. புழுவைத் தேடுவதை விட்டுவிட்டு, அது விட்டுச்செல்லும் தடயத்தைத் தேடத் தொடங்கினார்கள். நிணநீர்க் குழாய்க்குள் உயிரோடிருக்கும் தாய்ப்புழு, தன் உடம்புப் பொருளை ஓயாமல் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதற்கு இரவு பகல் கிடையாது. அந்தப் பொருளை, அதாவது ஆன்டிஜெனை, பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகளை 1980களின் இறுதியில் ஆய்வகத்தில் உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் கேரி வைல் குழு ஏடி12 என்பதையும், ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் நகரத்து ஆய்வாளர்கள் ஓஜி4சி3 என்பதையும் தந்தார்கள்.

பிடித்தால் போதுமா, தெரிய வேண்டாமா? ஆன்டிஜெனைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாது. அதோடு நிறமோ ஒளியோ கொடுக்கும் ஏதாவது ஒன்றைக் கட்ட வேண்டும். 1941இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் கூன்ஸ், ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து முதல் வழியைக் காட்டினார். 1971இல் ஸ்வீடனில் எங்வால், பெர்ல்மான் இருவரும் ஒரு நொதியைச் சேர்த்து, நோய் இருந்தால் கிண்ணத்தில் நிறம் ஏறும்படி செய்தார்கள். அதுதான் எலைசா. நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஒளிக்கதிரைப் பாய்ச்சி எந்திரம் அளக்கும். ஆய்வகத்தில் அது வைரம். ஆனால் குளிர்பெட்டியும் மின்சாரமும் எந்திரமும் இல்லாத திண்ணையில் அது உதவாது.

திண்ணைக்கு வந்தது தங்கம்.

தங்கத்தை மிக நுண்ணிய துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது; மாதுளைச் சாறுபோலச் சிவப்பாக இருக்கும். 1857இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்து, துகளின் நுண்மைதான் நிறத்துக்குக் காரணம் என்றார். 1908இல் குஸ்டாவ் மீ கணக்குப் போட்டு விளக்கினார். 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத்துகள், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதன் மேல் ஒளி பட்டால் தங்கத்தில் உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றாக அலைபாய்ந்து, பச்சை ஒளியை விழுங்கிவிடும். மிஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்கு வரும். இந்தத் துகள் வெளுப்பதில்லை. கெடுவதில்லை. பார்க்க எந்திரம் வேண்டியதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அரிக்கமேடு நினைவுக்கு வந்தது. எங்கள் ஊருக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, ரோமானியர்களோடு நடந்த வாணிகத்தை உலகுக்குக் காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கே கண்ணாடி மணிகள் செய்தார்கள். சிறுவயதில் மழை பெய்து முடிந்ததும் அந்த மேட்டில் மணி பொறுக்கியிருக்கிறோம். அவற்றில் செங்கல் நிறத்தில் ஒரு சிவப்பு மணி உண்டு. அந்தச் சிவப்பு, உலையில் கண்ணாடிக்குள் பொதிந்த செம்பின் நுண்துகள்களிலிருந்து வருவது. நுண்மையான உலோகம் நிறம் கொடுக்கும் என்பதை எங்கள் ஆற்றங்கரைக் கைவினைஞர்களின் கை அறிந்திருந்தது. காரணம் தெரிந்தது ஃபாரடேக்குப் பிறகு. அது நோய் பார்க்கப் பயன்பட்டது அதற்கும் பிறகு.

தங்கத்துகளோடு ஆன்டிபாடியைக் கட்டி, ஒரு பட்டைத் தாளின் ஓரத்தில் உலரவைத்துவிடுவார்கள். விரல் ரத்தத்தை விட்டால் அது தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு தாளில் ஊறி நகரும். ரத்தத்தில் ஆன்டிஜென் இருந்தால் தங்கம் அதைப் பற்றிக்கொள்ளும். வழியில் கண்ணுக்குத் தெரியாமல் கோடு போட்டாற்போல் இன்னொரு ஆன்டிபாடி காத்திருக்கிறது. அது ஆன்டிஜெனைத் தங்கத்தோடு சேர்த்து மடக்கிப் பிடிக்கும். எண்ணற்ற தங்கத்துகள்கள் ஒரே கோட்டில் சேர, இளஞ்சிவப்புக் கோடு எழும்பும். கர்ப்பம் பார்க்க மருந்துக்கடையில் விற்கும் பட்டையின் அடிப்படையும் இதுதான். யானைக்காலுக்கான அட்டைச் சோதனை 1990களில் வந்தது. அதைவிடக் குறைந்த ரத்தம் கேட்கும் பட்டை 2013 வாக்கில் வந்தது. அதற்கு 75 மைக்ரோலிட்டர் ரத்தமும் பத்து நிமிடமும் போதும். பகலிலேயே பார்க்கலாம்.

முதல் தடவை அந்தச் சோதனையைக் கையில் பிடித்து, மதிய வெயிலில், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கோடு எழும்புவதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. எத்தனை இரவுகள், எத்தனை தூக்கம் கெட்ட குழந்தைகள்! அந்தப் பாட்டி இருந்திருந்தால், "ஆயா, இனிமே பகல்ல வர்றோம்" என்று சொல்லியிருப்பேன்.

*

ஆனாலும் இரவு வேலை முழுசாகப் போய்விடவில்லை. கோடு எழும்பினால் தாய்ப்புழுவின் தடயம் இருக்கிறது என்று பொருள். அவர் ரத்தத்தில் குஞ்சுப்புழு ஓடுகிறதா, அவரிடமிருந்து நோய் பரவுமா என்பது வேறு கேள்வி. மருந்து சாப்பிட்டுக் குஞ்சுகள் ஒழிந்த பிறகும் ஆன்டிஜென் நெடுநாள் தங்கும். ஆகவே பட்டையில் கோடு வந்தவரின் வீட்டுக்கு, இரவு பத்து மணிக்கு மேல், சிலைடோடு ஒருவர் போகத்தான் வேண்டும். பட்டையைப் படிக்கவும் ஒழுக்கம் வேண்டும். பத்தாவது நிமிடம் பார்க்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், இல்லாத கோடு தெரியும். நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகளிடம் முதலில் சொன்னது கடிகாரத்தைப் பற்றித்தான். புதுக்கருவி பழைய கவனத்துக்கு மாற்று ஆகாது.

இப்போது ஒளி இன்னும் உள்ளே போகிறது. கொசுக்களைப் பிடித்து, கூட்டமாக அரைத்து, அவற்றில் புழுவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த டிஎன்ஏவை எந்திரத்தில் பெருக்குவார்கள்; அது பெருகப் பெருக ஒளிர்வு கூடும். அந்த ஒளிர்வை எந்திரம் எண்ணும். மனிதன் விரலைக் குத்தாமலே ஊரில் நோய் இருக்கிறதா என்று கொசு சொல்லிவிடும். விசிஆர்சி ஆய்வாளர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இப்படித் தேடியிருக்கிறார்கள்.

திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், 1928 பிப்ரவரி 28இல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறலும் இந்தக் கதைக்குள் வந்துவிட்டது. ஒரு மூலக்கூறின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி முத்திரை. முத்திரை துல்லியம், ஆனால் மிகவும் மங்கல். 1974இல் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டின் மேல் அந்த மங்கல் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. நுண்வெள்ளிக்கும் நுண்தங்கத்துக்கும் பக்கத்தில் மூலக்கூறு இருந்தால் ராமன் சிதறல் பல லட்சம் மடங்கு பெருகும் என்று பிறகு புரிந்தது. எங்கள் பட்டையில் நிறம் கொடுக்கிற அதே எலக்ட்ரான் அலைதான் அங்கேயும் வேலை செய்கிறது. புற்றுநோயிலிருந்து காசநோய்வரை, மிகக் குறைந்த அளவில் இருக்கும் தடயங்களை இந்த வழியில் பிடிக்க உலகெங்கும் முயல்கிறார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழக மருத்துவ இயற்பியல் துறையில், திசு தானாக வெளியிடும் ஒளிர்வை வைத்து வாய்ப்புற்றுநோயை முன்கூட்டியே அறியும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. எல்லாவற்றின் குறிக்கோளும் ஒன்றுதான்: அந்தக் கபடிப் பையனை, அவன் என் சித்தப்பாவைப் போல ஆவதற்கு முன் கண்டுபிடிப்பது.

*

நாட்டில் 2004இலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை, நோய் இருக்கிறதோ இல்லையோ, யானைக்கால் பகுதிகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். போதும் என்று எப்படி முடிவு செய்வது? ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் விரலில் அந்தத் தங்கப் பட்டை. மருந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு பிறந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் கோடு இல்லையென்றால் ஊரில் பரவல் நின்றுவிட்டது என்று பொருள். புதுச்சேரி அந்தத் தேர்வில் தேறியதும் ஆண்டு மாத்திரை நிறுத்தப்பட்டது. நம் பக்கத்துத் தீவான இலங்கையில் இந்த நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போய்விட்டதை 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இன்னும் மாத்திரை கொடுக்கிறார்கள். அங்கிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் நம் ஊரில் கட்டடம் கட்டுகிறார்கள், ஓட்டலில் பரிமாறுகிறார்கள். அவர்களைச் சந்தேகமாகப் பார்க்கச் சொல்லவில்லை. அவர்களுக்கும் பட்டையும் மாத்திரையும் கிடைக்க வேண்டும் என்கிறேன். நம் சாக்கடையில் கொசு இன்னும் இருக்கிறது.

என் சித்தப்பா இறந்து பல வருடம் ஆகிறது. சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொண்டால் நெறி கட்டுவது குறையும் என்பதை அவருக்குத் தாமதமாகத்தான் சொல்ல முடிந்தது. கடைசி வருடங்களில் அதைத் தினமும் செய்தார். கடைசிக் கல்யாணத்துக்கு முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

இன்று நோணாங்குப்பத்துக்குப் படகில் போக வருகிற பிள்ளைகள் யானைக்காலைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அது நல்லது. ஆனால் பார்க்காத நோயை மறந்துவிடுவது எளிது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு யாராவது பட்டையோடு வந்தால் விரலை நீட்டச் சொல்லுங்கள். இரவில் யாராவது கதவைத் தட்டி, ஒரு சொட்டு ரத்தம் வேண்டும் என்று கேட்டால் திட்டாமல் எழுந்து வாருங்கள். அவர் தன் தூக்கத்தைவிட்டு வந்திருக்கிறார். அவர் பெட்டியில் இருப்பது ஒரு துண்டுக் கண்ணாடிதான். அதைப் பார்க்கும் கண்ணுக்கு வெளிச்சம் தர உங்கள் ஒரு துளி ரத்தம் வேண்டும்.